ஷீரடி... வழி: முழங்கால்!

பஸ்ஸின் நெற்றியில் போர்டு பார்த்திருப்பீர்கள். போகிற ஊர் பெரிய எழுத்தில் இருக்கும். ‘வழி: திண்டிவனம்’ என்பது கீழே பொடி எழுத்தில். எனக்குத் தெரிந்து, குடும்பத்தில் வருகிற சண்டைகள் எல்லாமே அந்தப் பொடி எழுத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

எங்கள் வீட்டில் போகிற ஊரைப் பற்றி யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஷீரடி. எப்படிப் போவது என்பதிலேயே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். 2016-ல் என் மகள் எட்டாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள். எடை ஒன்றரைக் கிலோ. (துவரம்பருப்பே நாங்கள் இரண்டு கிலோவாகத்தான் வாங்குவோம்.) இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அந்த இருபத்திரண்டு நாளும் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில், சட்டைப் பையில் சின்ன சாயிபாபா படத்தோடு உட்கார்ந்திருந்தார். மகள் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து அறிவித்தார்:

“குழந்த நல்லபடியா வீட்டுக்கு வந்தா குடும்பத்தோட ஷீரடிக்கு வரேன்னு வேண்டிக்கிட்டேன். அஞ்சு பேரும் போவணும்.”

அஞ்சு பேர் என்றால் அப்பா, அம்மா, நான், என் மனைவி, அப்புறம் அந்த ஒன்றரைக் கிலோ.

‘நேர்த்திக்கடன்’ என்ற சொல்லை உண்டாக்கியவர் நிச்சயம் பி.காம். படித்தவராக இருக்க வேண்டும். கடன் என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்! ஆனால் பாங்க்கில் வாங்கிய கடனுக்குத் தவணைத் தேதி உண்டு. ஒரு மாதம் தவறினால் போன் வரும். இந்தக் கடனில் அந்தத் தொல்லை இல்லை. கடன் கொடுத்தவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சமாதியில் இருக்கிறார். கேட்கவே மாட்டார். அதுதான் ஆபத்து.

அப்பா மில்லில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயரானவர். எட்டணா இடித்தால் பேரேட்டை மூடாத ஜாதி. அவருக்கு இந்த பாக்கி உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷமே பேப்பரில் வந்த இரண்டு செய்திகளைக் கத்தரித்து டைரியில் ஒட்டி வைத்தார்.

ஒன்று, 2017 ஆகஸ்ட் 16-ம் தேதி எங்கள் லாஸ்பேட்டையிலிருந்து ஹைதராபாத்துக்கு விமானம் விட்டார்கள். மத்திய அரசின் ‘உடான்’ திட்டத்தில். இன்னொன்று, அதே வருஷம் அக்டோபர் 1-ம் தேதி ஷீரடி விமான நிலையத்தை அன்றைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். கோயிலிலிருந்து பதினாலு கிலோமீட்டரில், காகடி என்ற கிராமத்தில்.

“பாத்தியா தம்பி! பாபா ரெண்டு பக்கமும் கதவத் தொறந்துட்டாரு. நாமதான் போவணும்” என்றார் அப்பா.

போனோமா? அதுதான் இல்லை.

“குழந்தை கொஞ்சம் பெரிசாகட்டும்பா” என்றேன் முதல் வருஷம். “ஸ்கூல் சேர்த்த பணம் இடிக்குது” என்றேன் அடுத்த வருஷம். அதற்கப்புறம் ஆஃபருக்குக் காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி பார்த்தால் டிக்கெட் விலை குறைவாக இருக்கும் என்று எவனோ சொன்னதை நம்பி எத்தனையோ செவ்வாய்க்கிழமை கண்விழித்தேன். 2020-ல் கொரோனா. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் லாஸ்பேட்டையில் பயணிகள் விமானச் சத்தமே இல்லை. 2022 மார்ச் 27-ல் மறுபடி ஆரம்பித்தபோது அப்பாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். முடிந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியபோது எனக்கு வேலை நெருக்கடி.

2024 மார்ச் கடைசியில் லாஸ்பேட்டை விமானம் மறுபடி நின்று போனது.

“திரும்பவும் வுடுவான். வுட்டதும் மொத டிக்கெட் நம்மளுதுதான்” என்றார் அப்பா.

சொன்னபடியே திரும்பவும் விட்டார்கள். 2024 டிசம்பர் 20-ம் தேதி. பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும். வரவேற்பு, மாலை மரியாதை எல்லாம் பேப்பரில் போட்டோவோடு வந்தது. அதைக் கத்தரிக்கத்தான் ஆள் இல்லை. அப்பா ஜூன் மாதமே போய்விட்டார்.

விமானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கலாம். ஆனால் பாருங்கள், சென்னை விமான நிலையம் இந்த எட்டு வருஷத்தில் மீனம்பாக்கத்தை விட்டு எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. 2017-ல் அம்மா கோரிமேடு வரை நடந்து போய்க் காய்கறி வாங்கிவந்தவள். அப்போது எந்த வழியில் போயிருந்தாலும் அது சரியான வழியாகத்தான் இருந்திருக்கும்.

*

வருஷம் திரும்பும் வரை மலை ஏறக் கூடாது, க்ஷேத்திரம் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். 2025 ஜூனில் தலைத் திவசம் முடிந்தது. அன்று ராத்திரியே அம்மா வாய் திறந்தாள்.

“தம்பி, அப்பா வேண்டுதல் அப்படியே கெடக்குது. நான் இருக்கசொல்லவே முடிச்சிடு.”

‘நான் இருக்கசொல்லவே’ என்பது அம்மாக்கள் கையில் இருக்கிற பிரம்மாஸ்திரம். நான் உடனே கம்ப்யூட்டரைத் திறந்து எக்ஸெல் ஷீட் போட்டேன். பழைய ஷீட் ஒன்று இருந்தது. ‘நபர்கள்: 5’ என்று போட்டு வைத்திருந்தேன். அதை 4 என்று மாற்றி என்டர் தட்டினேன். கீழே மொத்தத் தொகை சட்டென்று இறங்கியது. இருபது வருஷமாகக் கணக்கோடு பழகுகிறேன். செலவு குறைந்ததற்காக அப்படி ஒரு எரிச்சல் எனக்கு வந்ததே இல்லை.

சரி, வழிகளைப் பார்ப்போம். உங்களில் யாராவது வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் உதவும்.

முதல் வழி, சென்னை. ஈ.சி.ஆரில் காரில் மூன்று மணி நேரம். அங்கிருந்து ஷீரடிக்கு நேரடி விமானம், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். விமான நிலையத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு எட்டு ஒன்பது மணி நேரம்.

இரண்டாவது, ரயில். சென்னையிலிருந்து சாயிநகர் ஷீரடிக்கே வாரம் ஒரு ரயில் உண்டு. ஒரு முழு நாள் பயணம். புதுச்சேரியிலிருந்தே மும்பை தாதர் போகிற ரயிலும் இருக்கிறது. அதில் புனேயில் இறங்கினால் மறுபடி காரில் நாலைந்து மணி நேரம். ஆபீஸ் போகிறவர்களுக்குத் தெரியும், லீவ் என்பது சம்பளத்தை விடக் கஷ்டப்பட்டுக் கிடைப்பது. ரயில் வழியில் அதில் பாதி தண்டவாளத்திலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, லாஸ்பேட்டை. முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். ஆனால் விமானம் மதியம். ஹைதராபாத் போய் அங்கே வேறு விமானம் மாற வேண்டும். அவசரப்படாமல் போவதானால் ஒரு ராத்திரி தங்கித்தான் போக வேண்டும். அதாவது, விமானத்தில் இரண்டு நாள்!

எங்கள் விமான நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாஸ்பேட்டை ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. நீட்டலாம் என்றால் பக்கத்து நிலம் தமிழ்நாட்டுக்குச் சொந்தம். பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்டு பிரித்ததில், எங்கள் ஊர் எல்லை கோலம் போடத் தெரியாதவள் போட்ட கோலம் மாதிரி இருக்கும். ஒரே தெருவில் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம் என்று இருக்கும் இடங்கள் உண்டு. டூவீலருக்கு அது ஒன்றும் பிரச்னை இல்லை, விமானத்துக்குப் பிரச்னை. அதனால்தான் 2013-லும் 2015-லும் பெங்களூருக்கு விட்ட விமானங்கள் உட்பட, இதுவரை இங்கே வந்து போனதெல்லாம் சின்ன விமானங்கள். எல்லாம் வந்த வேகத்தில் நின்றும் போயின.

இந்த ஊரில் இருந்துகொண்டு திருப்பதிக்கு விமானத்தில் போக ஆசைப்பட்டீர்களானால் இன்னும் வேடிக்கை. முதலில் ஹைதராபாத் போக வேண்டும். அங்கிருந்து தெற்கே திரும்பி ரேணிகுண்டாவுக்கு வந்து இறங்க வேண்டும். போகும்போது ஏழுமலையான் தலைக்கு மேலேயே பறந்திருப்பீர்கள். ஆனால், “இங்கயே ஓரமா நிறுத்துங்க” என்று சொல்ல முடியாது. மொட்டை போடப் போகிறவர்கள் அதனால்தான் பேசாமல் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

என் ஷீட்டின்படி சந்தேகமே இல்லாமல் ஜெயித்தது சென்னை. நேரம் மிச்சம், பணமும் மிச்சம். பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஷீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“கார்ல மூணு மணி நேரமும் கால மடக்கியே உக்காரணுமா?”

“நடுவுல எறங்கி காபி சாப்பிடலாம்மா.”

“பாத்ரூம்?”

“ஓட்டல்ல இருக்கும்.”

“படி ஏறணுமா?”

“தெரியலம்மா.”

“உக்கார்ற பாத்ரூமா, குந்துற பாத்ரூமா?”

ஷீட்டில் இதற்குக் கட்டம் இல்லை. எந்த வெப்சைட்டிலும் பதில் இல்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். குந்தினால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். இது எனக்குத் தெரியும். தினம் வீட்டில் பார்க்கிறேன். ஆனால் ஷீட் போடும்போது மட்டும் மறந்துவிட்டது. நான் கூட்டிக் கழித்ததெல்லாம் என் முழங்காலை வைத்து!

என் மனைவிதான் மெல்லச் சொன்னாள். “ஏங்க, மணியையும் ரூபாயையும் விட்டுட்டு, அத்தை எவ்ளோ நேரம் ஒரே மாதிரி உக்காரணும், எத்தனை படி ஏறணும், எத்தனை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் கிடைக்கும்னு மூணு கட்டம் போடுங்க.”

போட்டேன். ரிசல்ட் தலைகீழ்! ஷீட்டில் கடைசியில் கிடந்த லாஸ்பேட்டை முதலிடம். ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். கல்யாண மண்டபம் அளவுக்குச் சின்ன விமான நிலையம், நாலு எட்டு வைத்தால் விமானம். ஹைதராபாத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கே சின்னம்மா வீடு, தரைத்தளம், உட்கார்கிற பாத்ரூம். அம்மாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. தங்கையை நேரில் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவின் காரியத்துக்குக்கூட உடம்பு முடியாமல் சின்னம்மாவால் வர முடியவில்லை.

“அப்ப அதுவே போடு” என்றாள் அம்மா. அப்புறம் ஒரு கேள்வி. “ஒரு ஆளுக்குப் போகவர எவ்ளோ ஆவுது?”

“பன்னெண்டாயிரத்து எண்ணூத்து அறுபதும்மா.”

அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். விலையைக் கேட்டு மலைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

*

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி அம்மாவின் பூஜைப் பையைச் சோதனை போட்டேன். இரண்டு பாக்கெட் கற்பூரம், தீப்பெட்டி, விளக்குக்கு நல்லெண்ணெய், கொப்பரைத் தேங்காய், பழம் நறுக்கக் கத்தி. விமானச் சட்டப்படி பார்த்தால் எங்கள் அம்மா ஒரு நடமாடும் வெடிமருந்துக் கிடங்கு!

“கற்பூரம், தீப்பெட்டி கூடாதும்மா. தீப்பிடிக்கும்.”

“தீப்பிடிக்கத்தானடா கற்பூரம்?”

“கொப்பரையும் கூடாது.”

“தேங்கா இன்னாடா பண்ணும்?”

விளக்கினேன். காய்ந்த கொப்பரையில் எண்ணெய்ச் சத்து அதிகம், சுலபத்தில் தீப்பற்றும், அதனால் தடை. இருமுடி கட்டிப் போகிறவர்களுக்கே இதில் சிக்கல் இருந்தது. 2024 அக்டோபரில் அந்த சபரிமலை சீசனுக்காக, 2025 ஜனவரி 20 வரை, இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டு போகலாம் என்று தனி அனுமதி தந்தார்கள். இதையெல்லாம் கேட்ட அம்மா, “ஐயப்பன் சிபாரிசு பண்ணியிருக்காரு. பாபாவுக்கு அந்த வெவரமெல்லாம் பத்தாது” என்று சொல்லிவிட்டுக் கொப்பரையை எடுத்து வெளியில் வைத்தாள். அடுத்த ஒரு வாரம் பக்கத்து வீட்டில் தேங்காய் பர்ஃபி.

வீல்சேர் விஷயத்தில் அடுத்த யுத்தம். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைத்தால் நாற்காலியோடு உதவிக்கு ஆளும் வருவார். லாஸ்பேட்டையில் நாற்காலியைக் கண்டதும் அம்மா முறைத்தாள்.

“நான் இன்னா நோயாளியா? நாலு பேர் பாக்க மாட்டாங்க?”

“ஆயா, உக்காருங்க. நான் தள்ளறேன்” என்றாள் என் மகள். ஒன்பது வயசு. பேத்தி சொன்னால் அப்பீல் கிடையாது. உட்கார்ந்தாள். க்யூவைத் தாண்டி ராஜ மரியாதையோடு நாற்காலி உள்ளே போனதும் தலைப்பைச் சரி செய்துகொண்டு அக்கம்பக்கம் பார்த்தாளே ஒரு பார்வை! அப்புறம் ஹைதராபாத்திலும் ஷீரடியிலும் நாற்காலி வர இரண்டு நிமிஷம் தாமதமானால், “இன்னும் வண்டி வரல பாரு” என்று அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

விமானத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அது ஏ.டி.ஆர். ரக விமானம். ஒரு வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சீட். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். இறக்கையில் இரண்டு பெரிய விசிறிகள்.

“தம்பி... இதுல ஃபேன் வெளியில இருக்குது?”

“அதுதாம்மா விமானத்தை இழுத்துட்டுப் போகும்.”

“நடுவுல கரண்ட் போச்சின்னா?”

முன்னால் போய்க்கொண்டிருந்த டை கட்டிய ஆசாமி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிரித்தாரே தவிர, அதற்கப்புறம் அவரும் அந்த விசிறியைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

இந்த விமானத்தில் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய படிகள்தான். என் மனைவி முன்னால், நான் பின்னால், அம்மா ஒவ்வொரு படிக்கும் “பாபா... பாபா...” என்று சொல்லி ஏறிவிட்டாள். ஜன்னல் சீட். கிளம்பின கொஞ்ச நேரத்தில் கடல் தெரிந்தது. அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். “நம்ம ஊடு தெரியுதா பாரு” என்று பேத்தியிடம் கேட்டாள். அப்புறம் ஹைதராபாத் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் பக்கத்து சீட்டில் என் மகள் தூங்கிவிட்டாள். இரண்டு இரண்டாக நான்கு பேருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது வரிசை. அஞ்சு பேர் வந்திருந்தால் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். அது நானாக இருந்திருப்பேன், சந்தோஷமாக!

ஹைதராபாத் ராத்திரியைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை. அக்காவும் தங்கையும் விடிய விடியப் பேசினார்கள். நடுவில் அழுகைச் சத்தம் கேட்டது, அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் இரண்டும் சேர்ந்து கேட்டது. சித்தப்பாவும் நானும் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டோம். என் ஷீட்டில் ‘வீணாகும் நேரம்: ஒரு இரவு’ என்று போட்டிருந்தேன். அந்தக் கட்டத்தைப் பிறகு அழித்துவிட்டேன்.

*

மறுநாள் ஷீரடி.

தமிழ்நாட்டுக்கு பாபாவைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரும் பங்கு, சேலத்தில் வக்கீலாக இருந்து பிறகு துறவியான பி.வி. நரசிம்மசுவாமியுடையது. மயிலாப்பூர் சாயிபாபா கோயில் அவரால் வந்ததுதான். அப்பா கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் அங்கேதான் முதலில் போனாராம். அங்கே ஆரம்பித்த பழக்கம்.

ஷீரடியில் சமாதி மந்திர் இருக்கும் கட்டடம் முதலில் கோயிலாகக் கட்டப்பட்டது அல்ல. நாக்பூர் செல்வந்தர் கோபால்ராவ் பூட்டி கட்டிய வாடா, அதாவது பெரிய வீடு. 1918 அக்டோபர் 15, விஜயதசமி அன்று பாபா மறைந்த பிறகு அவரை அங்கே அடக்கம் செய்தார்கள். இன்று நாம் படத்தில் பார்க்கிற வெள்ளைப் பளிங்குச் சிலை, மும்பை சிற்பி தாலிம் செய்தது. 1954-ல் வைத்தார்கள். வயதானவர்களுக்குத் தனி வரிசை உண்டு, கூட ஒருவர் போகலாம். அம்மாவோடு நான் போனேன். மனைவியும் மகளும் பொது வரிசையில்.

அதற்கு முன்னால் துவாரகாமாயி. பாபா இருந்த பழைய மசூதி. அவர் மூட்டிய துனி நெருப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. ஊதி என்று நெற்றியில் இட்டுக்கொள்கிறோமே, அது அந்தச் சாம்பல்தான். பார்க்க வருகிறவர்களிடம் பாபா தட்சிணை கேட்பாராம், வாங்கியதை அன்றைக்கே மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். காசே வேண்டாம், இரண்டு நாணயம் போதும் என்றும் சொல்வாராம். ஒன்று சிரத்தை. இன்னொன்று சபூரி, பொறுமை.

பொறுமையா? எட்டு வருஷம் பொறுமையாக இருந்த குடும்பம் சார் எங்களுடையது என்று ஒரு விநாடி பெருமையாக நினைத்தேன். அடுத்த விநாடி அந்த நெருப்புக்கு முன்னால் நிற்கவே கூச்சமாகிவிட்டது. வராந்தாவில் இருபத்திரண்டு நாள் படத்தோடு உட்கார்ந்திருந்தாரே அப்பா, அது பொறுமை. செவ்வாய்க்கிழமை ஆஃபருக்காக நான் உட்கார்ந்திருந்தது வேறு வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து இத்தனை வருஷம் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சமாதிக்கு முன்னால் சில விநாடிதான் நிற்க முடிந்தது. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. அம்மா உதட்டை அசைத்து ஏதோ சொன்னாள். வெளியே வரும் வழியில் உண்டியல். அங்கே நின்றாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், அவற்றுக்கு மேல் சில நூறுகள், ஓர் ஐம்பது, ஒரு பத்து.

“இன்னாம்மா இது?”

“அப்பா டிக்கெட்டு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது. அன்றைக்கு விலையைக் கேட்டுவிட்டு உள்ளே போனவள், அப்பாவின் பென்ஷனில் மிச்சம் பிடித்ததிலிருந்து எண்ணி முடிந்து வைத்திருக்கிறாள்.

“அஞ்சு பேர் வரேன்னு சொன்னாரில்ல?” என்றாள் அம்மா.

தொண்டையைச் சரி செய்துகொண்டு, “முழுசா பதிமூணாயிரமா போட்டுடேம்மா. நான் தரேன்” என்றேன்.

“வோணாம். கடன் எவ்ளோவோ அவ்ளோதான். மேல போட்டா கணக்கு இடிக்குதுன்னு உங்கப்பா திட்டுவாரு.”

ஒவ்வொரு நோட்டாகப் போட்டாள். பின்னால் வந்த கூட்டம் அவசரப்படுத்தியது. அவள் அவசரப்படவில்லை. கடைசியாக அந்தப் பத்து ரூபாய். கைக்குட்டையை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “சரி, வா. புள்ள பசியோட நிக்கும்” என்றாள்.

பிரசாதாலயத்தில் சப்பாத்தி, பருப்பு, சாதம். என் மகள் மூன்று சப்பாத்தி சாப்பிட்டாள். ஒன்றரைக் கிலோவாக இருந்தவள்! அம்மா சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

திரும்பி வரும்போதும் அதே வழி, அதே ‘வெளி ஃபேன்’ விமானம். இந்த முறை அம்மா பழகிய பயணி. பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு, பக்கத்து வரிசையில் முதல் தடவை ஏறிய ஒரு பெண்மணிக்கு, “பயப்படாத, அது கரண்ட்ல ஓடல” என்று தைரியம் சொன்னாள்.

லாஸ்பேட்டை நெருங்கி விமானம் தாழ்ந்தபோது மெதுவாகக் கேட்டாள்:

“தம்பி, காசிக்கு ப்ளேன் போவுதா?”

“போவுதும்மா. சென்னையிலேருந்து.”

“சும்மாதான் கேட்டேன். இப்ப ஒண்ணும் அவசரமில்ல. அப்பறம் பாத்துக்கலாம்.”

ஷீட், கட்டம், ஆஃபர், செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒரு தடவை கண்முன் வந்து போயின.

“அப்பறம் இல்லம்மா. தேதியச் சொல்லு” என்றேன்.